ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றினால் தெம்பு வருமா?

வாசகர் கேள்வி – பதில்

ரத்தம் ஏற்றுவது பற்றிப் பழைய வட ஆற்காடு மாவட்டத்து ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ரத்த வங்கியிலும் வார்டிலும் வேலை செய்கிறவர்கள் சேர்ந்து எழுதியது.

என் மருமகளுக்கு ஆறாம் மாதம். ஹீமோகுளோபின் 7.4 என்று வந்திருக்கிறது. எடை 45 கிலோ. அரசு மருத்துவமனையில் மாத்திரையும் இரும்பு ஊசியும் போதும் என்கிறார்கள். 'உடம்பில் ரத்தமே இல்லை, ஒரு பாட்டில் ஏற்றினால் தேறிவிடுவாள்' என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். கடன் வாங்கியாவது தனியாரிடம் ஏற்றிவிடலாமா? வீட்டில் இருவரும் பீடி சுற்றுகிறோம்.
— வாசகி, குடியாத்தம்

வேண்டாம் அம்மா. அரசு மருத்துவமனையில் சொன்னதுதான் சரி. கடன் வாங்காதீர்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும். மருமகளின் ஹீமோகுளோபின் 11-க்கு வர வேண்டும். அதற்கு எவ்வளவு இரும்பு தேவை என்று பார்க்க ஒரு வாய்ப்பாடு உண்டு. எடையை, ஏற வேண்டிய கிராமால் (11-லிருந்து 7.4 போக 3.6) பெருக்கி, அதை 2.4-ஆல் பெருக்கி, உடம்பின் சேமிப்புக்காக 500 கூட்ட வேண்டும். 45 × 3.6 × 2.4 என்பது 389. அதோடு 500 சேர்த்தால் 889. கிட்டத்தட்ட 900 மில்லிகிராம் இரும்பு வேண்டும். 350 மில்லி ரத்தப் பை ஒன்றில் இருக்கும் இரும்போ 150 மில்லிகிராமுக்குச் சற்று மேல். ஒரு பை ஏற்றினால் அளவு ஒன்று அல்லது ஒன்றரை கிராம் கூடும். காகிதத்தில் 7.4 போய் 8.6 என்று வரும். சேமிப்பு அப்போதும் காலிதான். குழந்தை வளர வளர எடுத்துக்கொள்ளும், அளவு மறுபடி இறங்கும்.

இரும்பு சுக்ரோஸ் ஊசி என்றால் ஒரு வேளைக்கு 200 மில்லிகிராம். 100 மில்லி சலைனில் கலந்து 15, 20 நிமிடத்தில் ஏற்றுவார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் ஐந்து தடவை போட்டால் தேவை முழுவதும் தீர்ந்தது. முதல் மூன்று மாதம் தாண்டிய பிறகுதான் இதைப் போடலாம், உங்கள் மருமகள் அதைத் தாண்டிவிட்டார். ஊசி போடும் இடத்தில் ஒவ்வாமைக்கான மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைக்க வேண்டும். இரண்டையும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஊசி இல்லாமல் மாத்திரை மட்டும் என்று முடிவானால், சிவப்பு மாத்திரை காலை ஒன்று, இரவு ஒன்று. அதில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். இந்த மாத்திரை தோற்றுப்போவது பெரும்பாலும் டீயால்தான். பீடி சுற்றும் வீடுகளில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டே நாலைந்து டீ உள்ளே போய்விடும். டீ வயிற்றில் இருந்தால் இரும்பு உடம்பில் சேராது. மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீயும் காபியும் கூடாது. சுண்ணாம்புச் சத்து மாத்திரை கொடுத்திருந்தால் அதற்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி. எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா என்று ஏதாவது ஒன்றோடு மாத்திரையைப் போட்டால் நன்றாகச் சேரும். கேழ்வரகுக் களியும் முருங்கைக் கீரையும் நல்லவைதான், தாராளமாகக் கொடுங்கள், ஆனால் மாத்திரை போடும் அதே வேளையில் வேண்டாம். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட ஒன்றுமில்லை. குமட்டினால் படுக்கப் போகும்போது போடலாம்.

குடற்புழு மருந்து, அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், ஒரு முறை இன்னும் கொடுக்கவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். வெறுங்காலோடு கொல்லைக்குப் போகிறவர்கள் உடம்பில் கொக்கிப்புழு இருந்தால் நாம் ஊட்டும் இரும்பை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஒரு மாதம் கழித்து ரத்தம் பார்க்கும்போது ஒரு கிராமாவது ஏறியிருக்க வேண்டும். ஒழுங்காகச் சாப்பிட்டும் ஏறவில்லை என்றால் பி12 குறைவா, தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் வகையா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கர்ப்பிணிக்கு எப்போது ரத்தம் ஏற்ற வேண்டும்? 34 வாரத்துக்கு முன்பு என்றால், அளவு 5-க்குக் கீழே போனால். 5-க்கும் 7-க்கும் இடையில் என்றால் படுத்தால் மூச்சு வாங்குவது, இதயம் தளர்வது போன்ற அறிகுறி இருந்தால். 34 வாரம் தாண்டி 7-க்குக் கீழே என்றால் அறிகுறி இல்லாவிட்டாலும் ஏற்றலாம், மருந்து வேலை செய்ய அப்போது நாள் போதாது. தேவையில்லாமல் ஏற்றும் பை தெம்பு தராது, கெடுதல் செய்யக்கூடும். பிறர் ரத்தத்துக்கு எதிராக அவர் உடம்பில் உருவாகும் எதிர்பொருள், அடுத்த பிள்ளையின் ரத்த அணுக்களைக் கருவிலேயே அழிக்கலாம்.

நான் ஆற்காடு பக்கம் ஒரு சிறிய மருத்துவமனையில் நர்ஸ். ரத்த வங்கி எங்களிடம் இல்லை, வேலூரிலிருந்து உறவினர்கள்தான் பை வாங்கி வருவார்கள். 'ஜில்லென்று ஏற்றாதே' என்று வெந்நீரில் போட்டு எடுக்கச் சொல்கிறார்கள். டாக்டர் தியேட்டரில் இருந்தால் பை ஒரு மணி, இரண்டு மணி நேரம் மேசையில் கிடக்கிறது. எது சரி?
— செவிலியர், ராணிப்பேட்டை மாவட்டம்

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ரத்தம் ஏற்றி நடக்கும் விபத்துகளில் பெரும்பகுதி ரத்த வங்கியில் நடப்பதில்லை, கட்டிலருகில்தான் நடக்கிறது.

வெந்நீர் கூடவே கூடாது. சூட்டில் சிவப்பணு உடையும். உடைந்த அணு சிறுநீரகத்தை அடைக்கும், உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியே வந்து இதயத்தை நிறுத்தவும் செய்யும். வெயிலில் வைப்பது, அடுப்பருகே வைப்பது, கக்கத்தில் இடுக்கிக்கொள்வது எல்லாம் ஒன்றுதான். சாதாரண வேகத்தில் ஏற்றும்போது ரத்தம் குளிர்ச்சியாக இருந்தால் கெடுதல் இல்லை, கையின் நரம்புக்குள் சொட்டுச் சொட்டாகப் போகும்போதே சூடாகிவிடும். பெரியவருக்கு மணிக்குக் கிலோவுக்கு 50 மில்லிக்கு மேல், குழந்தைக்கு 15 மில்லிக்கு மேல் வேகமாக ஏற்றினால்தான் சூடேற்றும் கருவி வேண்டும்.

நேரக் கணக்கு இதுதான். குளிர்பெட்டியை விட்டு எடுத்த 30 நிமிடத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும். ஆரம்பித்த நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், மிச்சம் இருந்தால் தூக்கிப் போட வேண்டும். அதனால் பையை வாங்கி வர ஆள் அனுப்பும் முன்பே நரம்பு ஊசி போட்டு ஓடுகிறதா என்று பாருங்கள், டாக்டர் எப்போது வெளியே வருவார் என்று கேளுங்கள். இரண்டு பை தேவை என்றாலும் ஒவ்வொன்றாக வாங்கி வரச் சொல்லுங்கள். மே மாத வேலூர் வெயிலில் மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வரும் பை, வரும் வழியிலேயே கெட ஆரம்பித்துவிடும். ஐஸ் பெட்டியில் வர வேண்டும். பெட்டிக்குள் பனிக்கட்டி நேராகப் பையைத் தொடக் கூடாது, நடுவில் அட்டையோ துணியோ இருக்க வேண்டும். உறைந்தாலும் அணு உடைந்துவிடும். இன்சுலினும் பாலும் வைக்கும் வார்டு பிரிட்ஜில் ரத்தத்தை வைக்காதீர்கள். ரத்தத்துக்கு 2 முதல் 6 டிகிரி விலகாமல் இருக்க வேண்டும், கதவைத் திறந்து மூடும் பிரிட்ஜில் அது நிற்காது.

பை கைக்கு வந்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கசிவு, கட்டி, கருநீல நிறம், மேலே நிற்கும் நீரில் சிவப்புச் சாயல் என்று எதைக் கண்டாலும் திருப்பி அனுப்புங்கள்.

அடுத்தது ஆளைச் சரிபார்ப்பது. 'நீங்கதானே லட்சுமி?' என்று ஒருபோதும் கேட்காதீர்கள். காய்ச்சலில் கிடக்கிறவர் எதற்கும் தலையாட்டுவார். 'உங்க பேர் என்னம்மா? வீட்டுக்காரர் பேர் என்ன?' என்று கேட்டு அவர் வாயால் சொல்ல வையுங்கள். பெண்கள் வார்டில் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பது நம் ஊரில் சகஜம், உள்நோயாளி எண்ணும் ஒத்துப்போக வேண்டும். பையில் இருப்பது, படிவத்தில் இருப்பது, கேஸ் ஷீட்டில் இருப்பது மூன்றையும் இருவராக நின்று, ஒருவர் வாசிக்க மற்றவர் பார்க்க வேண்டும். கிராஸ் மேட்சுக்கு, அதாவது பையில் உள்ள ரத்தம் இவருக்கு ஒத்துப்போகுமா என்று பார்க்கும் சோதனைக்கு, ரத்தம் எடுக்கும்போதும் குழாயில் பெயரைக் கட்டிலருகிலேயே எழுதுங்கள். நாலு பேரிடம் எடுத்துக்கொண்டு போய் மேசையில் உட்கார்ந்து பெயர் ஒட்டும் பழக்கத்தால்தான் ஏ வகைக்காரருக்கு பி வகை போகிறது. மாறிய ரத்தம் 5, 10 மில்லி போனாலே உயிருக்கு ஆபத்து.

ரத்தம் ஏற்றும் குழாயில் வடிகட்டி உள்ள செட் மட்டும் போடுங்கள். அதே குழாயில் நார்மல் சலைன் தவிர வேறு எதுவும் கலக்கக் கூடாது. டெக்ஸ்ட்ரோஸ் போனால் அணு உடையும், ரிங்கர் லாக்டேட்டில் உள்ள கால்சியம் ரத்தத்தை உறைய வைக்கும். முதல் 15 நிமிடம் நிமிடத்துக்கு 15 முதல் 20 சொட்டு, நீங்கள் அங்கேயே நிற்க வேண்டும். பிறகு வேகம் கூட்டலாம். செட்டின் உறையில் ஒரு மில்லிக்கு எத்தனை சொட்டு என்று போட்டிருக்கும். 20 என்று இருந்தால், 250 மில்லி பையை மூன்று மணி நேரத்தில் முடிக்க நிமிடத்துக்கு 28 சொட்டு. காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம், மூச்சு நான்கையும் ஆரம்பிக்கும் முன், 15-வது நிமிடம், பிறகு மணிக்கு ஒரு முறை, முடிந்ததும் குறித்து வையுங்கள்.

உடம்புச் சூடு ஒரு டிகிரி ஏறினாலும், நடுக்கம், இடுப்பு வலி, நெஞ்சு இறுக்கம், ஊசி இடத்தில் எரிச்சல், சிவந்த சிறுநீர் என்று எது வந்தாலும் முதலில் ரத்தத்தை நிறுத்துங்கள். டாக்டரைக் கூப்பிடுவது அதற்கு அடுத்தது. செட்டை முழுக்க மாற்றி, புது செட்டில் சலைன் ஓட விடுங்கள், நரம்பு ஊசியைப் பிடுங்காதீர்கள். பையிலும் ஷீட்டிலும் பெயரை மறுபடி பாருங்கள். பை, செட், மறு கையிலிருந்து எடுத்த புது ரத்தம், சிறுநீர் எல்லாம் ரத்த வங்கிக்குப் போக வேண்டும். மயக்க மருந்தில் இருப்பவர் நடுங்கவோ வலி சொல்லவோ மாட்டார். அவரிடம் காரணமில்லாமல் அழுத்தம் இறங்குவதும், வெட்டிய இடமெல்லாம் கசிவதும், சிறுநீர் நிறம் மாறுவதும்தான் தெரியும்.

நாட்பட்ட ரத்த சோகைக்காரருக்கு இன்னொரு ஆபத்து உண்டு. ரத்தம் நீர்த்துப் போயிருந்தாலும் உடம்பில் அளவு குறையவில்லை. அதன்மேல் முழு ரத்தத்தை வேகமாக ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அவருக்குச் சிவப்பணு மட்டும் போதும். நிமிர்ந்து உட்கார வைத்து, பகலில், ஒரு நேரத்துக்கு ஒரே பை. முடிந்ததும் மூச்சையும் ஹீமோகுளோபினையும் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பை வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டும். 'எதற்கும் இரண்டு பை' என்று எழுதிவைக்கும் வழக்கத்தை விட வேண்டும்.

மகனுக்கு டெங்கு. பிளேட்லெட் 38,000. உடனே ஏற்றச் சொல்லிக் கேட்டால் டாக்டர் மறுக்கிறார்.
— வாசகர், ஆம்பூர்

சரியாகத்தான் மறுக்கிறார். ரத்தக் கசிவு இல்லாதவரை பொதுவாக 10,000-க்குக் கீழே போனால்தான் ஏற்றுவதைப் பற்றி யோசிப்பார்கள். ஒரு சாதாரண பிளேட்லெட் பை பெரியவருக்கு 5,000 முதல் 10,000 வரைதான் கூட்டும். டெங்குவில் அதுவும் சில மணி நேரத்தில் அழிந்துவிடும். டெங்குவில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் பிளேட்லெட் குறைவு அல்ல, ரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசிவது. காய்ச்சல் விட்ட அந்த ஒன்றிரண்டு நாள்தான் அது நடக்கும், வீட்டில் 'சரியாகிவிட்டது' என்று மூச்சு விடுவதும் அப்போதுதான். ரிப்போர்ட்டில் பிளேட்லெட்டை மட்டும் பார்க்காமல், ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் பி.சி.வி. என்ற வரியையும் பாருங்கள். அது முன்பிருந்ததைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடினால் நீர் கசிகிறது என்று பொருள். வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து கிடப்பது, சிறுநீர் குறைவது, இவற்றில் ஒன்று வந்தாலும் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். இடுப்பு ஊசி வேண்டாம்.

எங்கள் பக்கம் விரியன் கடித்து ரத்தம் உறையாமல் போனால் 'பிளாஸ்மா ஏற்றணும், வேலூருக்குக் கொண்டுபோ' என்கிறார்கள். பிளாஸ்மாதான் மருந்தா?
— விவசாயி, அணைக்கட்டு

இல்லை. விஷமுறிவு மருந்துதான் மருந்து. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இரண்டின் விஷமும் ரத்தத்தை உறைய வைக்கும் பொருள்களைத் தின்று தீர்க்கும். பிளாஸ்மா என்பது அந்தப் பொருள்கள் உள்ள ரத்த நீர்; விஷம் உள்ளே இருக்கும்போது அதை ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

எந்தச் சிறிய மருத்துவமனையிலும் செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. நரம்பிலிருந்து எடுத்த 2 மில்லி ரத்தத்தை உலர்ந்த, சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் ஆட்டாமல் அசைக்காமல் வைக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். தண்ணீராக ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது. பிளாஸ்டிக் குழாயிலோ, சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயிலோ நல்ல ரத்தமும் உறையாமல் நின்று ஏமாற்றும். இடையில் ஆவலில் எடுத்து ஆட்டிப் பார்த்தாலும் முடிவு கெட்டுவிடும்.

உறையவில்லை என்றால் விஷமுறிவு மருந்து 10 குப்பி, சலைனில் கலந்து ஒரு மணி நேரத்தில். குழந்தைக்கும் அதே அளவுதான், பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைத்துவிடுவதில்லை. ஒவ்வாமை வரலாம், அட்ரினலின் சிரிஞ்சில் தயாராக இருக்க வேண்டும். ஆறு மணி நேரம் கழித்து அதே சோதனை, அப்போதும் உறையவில்லை என்றால் மறுபடி மருந்து. மருந்து முழுமையாகப் போன பிறகும் கசிவு நிற்கவில்லை என்றால்தான் பிளாஸ்மா. அதுவும் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லி. ஐம்பது கிலோ ஆளுக்கு ஒரு பை போடுவது வீண், மூன்று நான்கு பை வேண்டும். அதனால் பிளாஸ்மாவைத் தேடி நேரத்தைக் கழிக்காமல், விஷமுறிவு மருந்து இருக்கும் பக்கத்து மருத்துவமனையில் முதலில் அதைப் போடுங்கள். மேல் சிகிச்சைக்கு வேலூர் போவது அதற்குப் பிறகு.

யாரோ ஒருவர் ரத்தத்தைவிடக் கூடப்பிறந்த அண்ணன் ரத்தம் பாதுகாப்பானதுதானே? அதுவும் எடுத்த உடனே சுடச்சுட?
— வாசகி, காட்பாடி

பாசத்தில் தோன்றுவது இது, உண்மை வேறு. நெருங்கிய ரத்த உறவில் அணுக்களின் சாயல் ஒத்திருக்கும். அதனால் கொடுத்தவரின் வெள்ளையணுவை உங்கள் உடம்பு அந்நியமாகப் பார்க்காமல் விட்டுவிடும். அது உள்ளே தங்கிப் பெருகி உங்கள் தோல், குடல், எலும்பு மச்சை மூன்றையும் தாக்கலாம். அபூர்வம்தான், வந்தால் பிழைப்பது கடினம். புது ரத்தத்தில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். பைக்குக் கதிர்வீச்சுக் கொடுத்த பிறகே அப்படிப்பட்ட ரத்தத்தை ஏற்ற வேண்டும். பிள்ளை பெறும் வயதில் உள்ள மனைவிக்குக் கணவன் ரத்தமும் வேண்டாம்.

இன்னொன்று. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ், மலேரியா ஐந்துக்கும் சோதிக்காத ரத்தத்தை இந்தியாவில் ஏற்றக் கூடாது. தொற்று ஏற்பட்டுச் சில வாரம் வரை சோதனையில் தெரியாமல் போகலாம். தானாக முன்வந்து கொடுப்பவர், சந்தேகம் இருந்தால் ஒதுங்கிக்கொள்வார். 'நீ கொடுத்தே ஆகணும்' என்று இழுத்துவரப்பட்ட மைத்துனர், உறவுகள் முன்னால் வாய் திறக்க மாட்டார். ரத்தத்தை விலைக்குக் கொடுப்பதை உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 1998 ஜனவரி 1 முதல் தடை செய்திருக்கிறார்கள். அப்படியும் மருத்துவமனை வாசலில் 'உறவினர்' ஏற்பாடு செய்வதாக யாராவது வந்தால் கிட்டே சேர்க்காதீர்கள். அண்ணன் கொடுக்கட்டும், தாராளமாக. அது வேறொருவருக்குப் போகும், உங்களுக்கு வேறொருவர் கொடுத்தது வரும். ஆண்கள் 90 நாளுக்கு ஒரு முறை, பெண்கள் 120 நாளுக்கு ஒரு முறை கொடுக்கலாம். எடை 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும்.

தானமாகக் கொடுத்த ரத்தத்துக்கு ஏன் பில் போடுகிறார்கள்?
— வாசகர், ஆரணி

ரத்தத்துக்கு விலை இல்லை. பை, ஐந்து சோதனை, பிரித்தெடுப்பு, குளிர்பதனம் இவற்றின் செலவைத்தான் வாங்குகிறார்கள், அதற்கும் உச்சவரம்பு உண்டு. தலசீமியா, ஹீமோஃபீலியா போன்ற நோய்க்காக அடிக்கடி ஏற்ற வேண்டியவர்களுக்கு இந்தக் கட்டணமும் கிடையாது. ரசீது கேட்டு வாங்குங்கள்.

கர்ப்பப்பைக் கட்டிக்கு அடுத்த மாதம் ஆபரேஷன். இரண்டு யூனிட் ஏற்பாடு செய்யச் சொன்னார்கள். ஹீமோகுளோபின் 8.5.
— வாசகி, வாலாஜாபேட்டை

அவசரமில்லாத ஆபரேஷன் என்றால் அந்த ஒரு மாதத்தை வீணாக்காதீர்கள். இரும்பு ஊசியும், மாதவிடாய்ப் போக்கைக் கட்டுப்படுத்தும் மருந்தும் இப்போதே தொடங்க முடியுமா என்று கேளுங்கள். 10-க்கு மேல் வந்த பிறகு தேதி குறிக்க முடிந்தால் நல்லது. இரண்டு யூனிட் தயாராக வைப்பது வேறு, ஏற்றுவது வேறு. வைத்திருக்கிறோமே என்பதற்காக ஏற்றிவிடக் கூடாது.

நான் கிராமச் சுகாதார செவிலியர். ரத்தம் ஏற்றுவதைத் தவிர்க்கச் சொல்லிச் சொல்லி, பிரசவத்தில் ரத்தப்போக்கு வந்தாலும் தயங்குகிறார்கள். இது சரியா?
— கே.வி.குப்பம் வட்டாரம்

தவறு, மிகப் பெரிய தவறு. மேலே சொன்ன 7, 5 என்ற எண்கள் எல்லாம் மெல்லக் குறைந்து உடம்பு பழகிப்போனவருக்கு. கொட்டிக்கொண்டிருக்கும் தாய்க்கு அந்த எண்ணே பொய் சொல்லும். முழு ரத்தமும் ஒரே விகிதத்தில் வெளியேறுவதால் முதல் ஒரு மணி நேரத்தில் சோதித்தால் 10 என்றே காட்டலாம். நாடித் துடிப்பின் எண் ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணைத் தொட்டுவிட்டால், உதாரணமாக நாடி 110, அழுத்தம் 100 என்றால், ரிசல்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள்.

500 மில்லி போனதும் அது ஆபத்துக் கணக்கு. துணியில் ஊறியதைக் கண்ணால் பார்த்துச் சொன்னால் பாதிதான் சொல்வோம். இடுப்புக்குக் கீழே பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு வடிவதை அளவுக் குவளையில் பிடியுங்கள், ஊறிய துணியைத் தராசில் வையுங்கள், ஒரு கிராம் கூடினால் ஒரு மில்லி. கர்ப்பப்பையைத் தேய்த்துக்கொண்டே, அதைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின், பெரிய ஊசியில் இரண்டு கைகளிலும் நரம்பு, சலைன். ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராம் பத்து நிமிடத்தில் மெதுவாக, பிரசவமான மூன்று மணி நேரத்துக்குள் போட வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு கால் மணி நேரத்திலும் அதன் பலன் குறையும். அரை மணி நேரம் கழித்தும் நிற்கவில்லை என்றால் இன்னொரு கிராம்.

108 வண்டி கிளம்பும் முன்பே போகிற மருத்துவமனைக்கு போன் செய்து, எவ்வளவு போனது, நாடி எவ்வளவு, ரத்த வகை என்ன என்று சொல்லிவிடுங்கள். வகை தெரிய நேரமில்லை என்றால் ஓ நெகட்டிவ் கொடுத்து ஆரம்பிப்பார்கள், அது எப்போதும் இரண்டு மூன்று பைதான் இருக்கும், முன்கூட்டிச் சொன்னால் எடுத்து வைப்பார்கள். சலைன் நிறைய ஏறும் முன்பே கிராஸ் மேட்சுக்கு ஒரு குழாய் ரத்தம் எடுத்து, பெயர், வீட்டுக்காரர் பெயர், எடுத்த நேரம் எழுதி வண்டியிலேயே அனுப்புங்கள். தாய் சேய் அட்டையில் வகை எழுதியிருந்தாலும் அங்கே மறுபடி ஒரு முறை பார்ப்பார்கள், அதற்குள் அந்தக் குழாய் கையில் இருந்தால் பத்து நிமிடம் மிச்சம்.